சின்ன வெள்ளி

தாஷ்-கெச்சூ
சின்ன வெள்ளி, ஆகஸ்ட் 2, 1984

அன்புள்ள சைக்கால் அக்காவுக்கு,

கனிஷாய் எழுதுவது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமா? தலைநகரில் வெயில் தணிந்ததா? இங்கே ஆட்களும் ஆடுமாடும் நலம். சின்னவளுக்குப் பல் முளைக்கிறது. வீட்டில் ஒரு மரக்கரண்டியையும் விட்டுவைக்கவில்லை.

செப்டம்பரில் எங்கள் ஊர்ச் சதுக்கத்தில் நாடக விழா. சுற்றுவட்டாரத்துச் சிற்றூர்க் குழுக்கள் எல்லாம் வருகின்றன. புதன் ஒரு நாள், அடுத்து சின்ன வெள்ளி ஒரு நாள். எங்கள் முறை இரண்டாம் நாள் மதியம். எனக்குக் கதாநாயகி வேடம். ரொட்டி ஆலையில் ஷிப்ட் முடிந்ததும் நேரே ஒத்திகைக்குப் போகிறேன். காலைப் பேருந்தில் வந்தால் மாலைப் பேருந்தில் நீ திரும்பிவிடலாம். வா.

ஒரே ஒரு சிக்கல். நாடகத்தில் என் கணவன் ஒரு படகுக்காரன். ஆற்றின் அக்கரைக்குப் போனவன் திரும்பவில்லை. கடைசிக் காட்சியில் நான் கரையில் நின்று மூன்று முறை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அது என்ன பெயர் தெரியுமா? என்னால் எழுத முடியாத பெயர். என் மாமனாரின் பெயர், மருமகள் சொல்லக் கூடாதது. அவருக்குக் கடிதம் போடும்போது உறைமேல் பெயரைக்கூட நான் எழுதுவதில்லை. தபால் நிலையத்து ரோசாதான் எழுதித் தருகிறாள்.

என்ன செய்யலாம், சொல். பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் தங்கை
கனிஷாய்

*

ஃப்ரூன்ஸே
ஆகஸ்ட் 10, 1984

அன்புத் தங்கை கனிஷாய்க்கு,

நாங்கள் நலம். உன் வீட்டாரும் அப்படியே இருக்கட்டும். அத்தானுக்கு இடுப்புப் பிடிப்பு விட்டுவிட்டது.

கடிதத்தின் தலைப்பைப் பார்த்து அத்தான் சிரித்தார். "உன் தங்கச்சி காலண்டர்ல வாரத்துக்கு ஆறு நாள்தான் போல" என்கிறார். நான் அந்த வீட்டு மருமகள் இல்லை, எனக்கு என்ன? பெய்ஷென், பெய்ஷென், பெய்ஷென். வியாழக்கிழமையில் பிறந்தார், பெய்ஷெம்பி என்ற கிழமையின் பெயரையே வைத்துவிட்டார்கள். நீ அந்த வீட்டுக்குப் போன நாளிலிருந்து வியாழன் உனக்குச் சின்ன வெள்ளி ஆகிவிட்டது.

விளையாட்டு போகட்டும். அவரிடமே சொல்லிவிடு. உன் மாமியார் இறந்த வருஷம் நீ மேடையேறக் கூடாது என்று அவர்கள் வீட்டு அத்தைகள் எல்லோரும் கூடிப் பேசினார்களே, அப்போது அவர் சொன்னதை நீதானே எனக்கு எழுதினாய்? "வீட்டுக்குள்ள அழத் தெரிஞ்சவ மேடையில அழுதா எங்க என்ன கொறஞ்சுபோகுது?" அப்படிப்பட்ட மனிதரிடம் கேட்பதற்கு என்ன தயக்கம்?

விழாவுக்கு நான் வருகிறேன். அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். பத்திரிகையில் ஒருநாள் பிழை திருத்தாவிட்டால் உலகம் முழுகிவிடாது.

உன் அக்கா
சைக்கால்

*

சாரி-புலாக் கிராமம்
ஆகஸ்ட் 19, 1984

என் மகள் கனிஷாய்க்கு,

சலாம். நீயும் என் மகனும் பேத்தியும் நலமாக இருக்கிறீர்களா? ரொட்டி ஆலையில் வேலை கடுமையா? இங்கே நான் நலம். ஆடுகள் இன்னும் மேல் மேய்ச்சலில்தான். முழங்கால் மட்டும் மழைக்கு முன்பே எனக்குச் செய்தி சொல்லிவிடுகிறது.

போன வாரம் மகன் லாரியில் வந்தபோது நாடகத்தைப் பற்றிச் சொன்னான். உனக்குப் பெரிய வேடமாமே. நீ எனக்கு எழுதவில்லை. ஒத்திகையில் மறந்திருப்பாய்.

நான் வருகிறேன். தனியாக இல்லை. ஷாம்பெத்தும் இன்னும் இரண்டு கிழவர்களும் வருகிறார்கள். பண்ணையின் ஜீப்பைக் கேட்டிருக்கிறேன், ஓட்டுநருக்கு ஒரு செம்மறிக்கடா வாக்குக் கொடுத்தாயிற்று. விடியற்காலையில் கிளம்பினால் கணவாயைத் தாண்டிப் பத்து மணிக்கு உங்கள் சதுக்கத்தில் இருப்போம். பக்கத்து வீட்டில் போர்சோக் மாவுத்துண்டுகள் பொரித்துத் தருவார்கள். குதிரைப்பால் குமிஸ் ஒரு தோல்பை நிறைய. ஷாம்பெத் என்னைக் கிண்டல் பண்ணினான். "மருமகளைப் பாக்கவா, இல்ல மருமகளைக் காட்டிப் பீத்திக்கவா?" என்றான். "ரெண்டுக்கும்தான்" என்றேன்.

என்ன கிழமை என்று மட்டும் எழுது. முன் வரிசையில் நாலு இடம் பிடித்து வை. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்.

பேத்தியின் கன்னத்தை எனக்காக முகர்ந்துகொள்.

பெய்ஷென்

*

தாஷ்-கெச்சூ
ஆகஸ்ட் 26, 1984, ஞாயிறு

அக்கா,

எல்லோரும் சுகம்தானே? நாங்கள் சுகம்.

மாமனார் அத்தாவிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. நான் சொல்லுமுன் அவரே தெரிந்துகொண்டார். விழாவுக்கு வருகிறாராம், தனியாக அல்ல. கூட மூன்று கிழவர்கள், அதில் ஒருவர் ஷாம்பெத். அந்த மனிதரின் வாயை உனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை கிடைத்தால் பனிக்காலம் முழுவதும் அதை மென்றுகொண்டிருப்பார்.

பெயரை மாற்றச் சொல்லி இயக்குநர் மெதெரிடம் கேட்டேன். முடியாது என்றார். படகுக்காரன் சின்ன வெள்ளிதோறும் வருகிறவன், அதனால்தான் அந்தப் பெயர், கதையே அதில்தான் நிற்கிறது என்கிறார். நேற்று ஒத்திகையில் பெயரைச் சொல்லாமல் "நம்ம வீட்டுப் பெரியவரே" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மெதெர் பென்சிலைக் கீழே போட்டுவிட்டார்.

"கனிஷாய், ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிறவன் அவன். பெரியவரேன்னா எவன் திரும்பிப் பாப்பான்? படகுல பாதிப் பேரு பெரியவங்கதான். முடியலைன்னா சொல்லிடு, கல்புபூவைப் போடறேன்."

கல்புபூ என் வசனத்தையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிறாள். பின்னால் உட்கார்ந்து என்கூடவே உதட்டை அசைக்கிறாள். நான் கூப்பிட்டேன் அக்கா. மூன்று முறையும் கூப்பிட்டேன். குரல் எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. மெதெர் குனிந்து பென்சிலை எடுத்துக்கொண்டார். இந்த வேடத்தை நான் விடமாட்டேன்.

அத்தாவிடம் கேட்டால் சரி என்றுதான் சொல்வார். பிறகு முன் வரிசையில் வந்து உட்காருவார். பக்கத்தில் ஷாம்பெத் அவர் விலாவில் இடிப்பார். அத்தா முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டு இருப்பார். அந்த முகத்தை மேடையிலிருந்து நான் பார்க்க வேண்டும். அதுதான் என்னால் முடியாது.

என்ன கிழமை என்று எழுதச் சொல்லியிருக்கிறார். இன்னும் அவருக்குப் பதில் போடவில்லை.

கனிஷாய்

*

ஃப்ரூன்ஸே
செப்டம்பர் 1, 1984

கனிஷாய்,

எல்லோரும் நலம். இன்று பள்ளிக்கூடம் திறப்பு. மூத்தவன் பூங்கொத்தைப் பேருந்திலேயே விட்டுவிட்டு அழுதுகொண்டு போனான்.

கிழமைதானே கேட்கிறார்? நீயோ அந்தக் கிழமையைச் சொல்லவே முடியாதவள். "சின்ன" என்ற சொல் அவசரத்தில் விட்டுப்போனால் யார் உன்னைக் குற்றம் சொல்ல முடியும்? வெள்ளிக்கிழமை வந்து பெஞ்சுகளைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

இது விளையாட்டுக்கு எழுதியது. செய்துவைக்காதே. அவரிடம் உண்மையைச் சொல்லு. வியாழன் காலை பேருந்து நிலையத்துக்கு யாரையாவது அனுப்பு.

சைக்கால்

*

தாஷ்-கெச்சூ
செப்டம்பர் 7, 1984, வெள்ளி

மதிப்பிற்குரிய அத்தாவுக்கு,

மருமகள் கனிஷாயின் சலாம். உடம்பு நலமா? முழங்காலுக்குக் கம்பளித் துணி சுற்றிக்கொள்கிறீர்களா? உங்கள் மகனும் பேத்தியும் நலம்.

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். ஆலையில் வேலை அதிகம்.

எங்கள் நாடகம் இந்த மாதம் மூன்றாவது வெள்ளி. மதியம்.

வழியில் கணவாயில் குளிராக இருக்கும். கனமான உடுப்பு போட்டுக்கொள்ளுங்கள். வரச் சிரமமாக இருந்தால் வர வேண்டாம், நான் தவறாக நினைக்கமாட்டேன்.

மருமகள்
கனிஷாய்

*

சாரி-புலாக்
செப்டம்பர் 13, 1984

மகள் கனிஷாய்க்கு,

சலாம். எல்லோரும் நலமா? நான் நலம். உன் சொல்படி முழங்காலுக்குத் துணி சுற்றியிருக்கிறேன், ஷாம்பெத் அதை "பிரசவமான ஆடு" என்கிறான்.

உன் கடிதம் கிடைத்தது. மூன்றாவது வெள்ளி. ஜீப்புக்குச் சொல்லிவிட்டேன். புது வெள்ளைக் கல்பாக் குல்லா ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறேன். பழையதை வைத்துக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தால் உனக்கு மரியாதையாக இருக்காது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். வெள்ளி என்றால் பெரிய வெள்ளிதானே? நீ என் கிழமையைச் சுற்றிக்கொண்டு போகிறவள், அதனால் கேட்டேன். பதில் எழுத நேரம் இருக்காது, ஒத்திகை இருக்கும். எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

வரச் சிரமம் எதுவும் இல்லை.

பெய்ஷென்

*

தாஷ்-கெச்சூ
செப்டம்பர் 23, 1984, ஞாயிறு

அக்கா,

சுகமாய் ஊர் சேர்ந்தாயா? பேருந்தில் உட்கார இடம் கிடைத்ததா? நீ கொடுத்த சால்வையை இன்னும் கழற்றவில்லை.

நாடகம் முடிந்ததும் நீ மேடைக்குப் பின்னால் வந்து என்னைக் கட்டிக்கொண்டாய். "மாமனாருக்கு என்ன எழுதினே?" என்று கேட்டாய். பேருந்துக்கு நேரமாகிறது என்று உன்னை அனுப்பிவைத்தேன். இப்போது சொல்கிறேன். நீ விளையாட்டுக்கு எழுதியதை நான் செய்துவிட்டேன். அவர் திரும்ப ஒருமுறை கேட்டிருந்தார், பெரிய வெள்ளிதானே என்று. ஒரு தந்தி போதும். நான் அடிக்கவில்லை.

வெள்ளி காலை சதுக்கத்தில் நாங்கள் பெஞ்சுகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஜீப் வந்து நின்றது. நான்கு பேர் இறங்கினார்கள், நான்கு பேர் தலையிலும் வெள்ளைக் கல்பாக். அத்தாவுடையது புத்தம்புதிது. அவர் முழங்காலில் கம்பளித் துணி சுற்றியிருந்தது. தோல்பையை ஓட்டுநர் சுமந்துவந்தான்.

ஷாம்பெத் சுற்றிப் பார்த்தார். "ஏம்ப்பா, இதுதான் நாடகமா? பெஞ்சு தூக்குறவங்க கதையா?"

மெதெர் ஓடிவந்து விழா நேற்றே முடிந்துவிட்டது என்று சொன்னார். ஷாம்பெத் என் பக்கம் திரும்பினார். அவர் கேட்பதற்கு முன் அத்தா பேசிவிட்டார்.

"மருமக சரியாத்தான் எழுதியிருந்தா. சின்ன வெள்ளின்னு போட்டிருந்தா. சின்னங்கிறது என் கண்ணுல படல. கெழவனாயிட்டேன், வேற என்ன."

ஷாம்பெத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒரு கெழமையையே பேரா வெச்சுக்கிட்டு வெள்ளிக்கெழமை வந்து நிக்கிறியே! சொந்தப் பேரையே தவறவிட்ட மனுஷனை இப்பத்தான்யா பாக்கறேன். ஒரு கெடா, ஒரு ஜீப்பு, ஒரு புதுக் குல்லா. பெஞ்சு பாக்க வந்தோம்."

"பெஞ்சு நல்லா இருக்கில்ல? உக்காரு" என்றார் அத்தா.

மிச்சமிருந்த பெஞ்சுகளில் உட்கார்ந்து போர்சோக் சாப்பிட்டார்கள். லாரிக்காரர்களுக்கும் குமிஸ் ஊற்றிக் கொடுத்தார்கள். நான் கிண்ணங்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் சின்ன என்று எழுதவே இல்லை என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

கிளம்பும்போது, "நல்லா நடந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

"நடந்துச்சு அத்தா."

"அது போதும்."

ஜீப் போனபிறகும் ஷாம்பெத்தின் சிரிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது.

கனிஷாய்

*

ஃப்ரூன்ஸே
செப்டம்பர் 30, 1984

கனிஷாய்,

இங்கே எல்லோருக்கும் ஜலதோஷம், மற்றபடி நலம்.

உன் கடிதத்தை மூன்று நாளாகப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். அந்த யோசனை என் பேனாவிலிருந்து வந்தது. உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

ஆனால் நான் பார்த்த ஒன்றை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. வியாழனன்று கூட்டத்துக்குப் பின்னால் பாப்ளர் மரங்களின் பக்கம் ஒரு முலாம்பழ வண்டி நின்றதே, அதன் ஓரமாக ஒரு பெரியவர் தனியாக நின்றிருந்தார். வெறுந்தலை. கல்பாக்கைக் கழற்றிக் கோட்டுக்குள் செருகியிருந்தார். நம் ஆட்கள் அத்தனை பேர் நடுவில் கல்பாக்கைக் கழற்றமாட்டார்களே என்றுதான் கவனித்தேன்.

நீ முதல் முறை கூப்பிட்டபோது அவர் தலை நிமிர்ந்தது. இரண்டாம் முறை ஒரு கையை வண்டிமேல் ஊன்றினார். மூன்றாம் முறை எல்லோரும் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் ஒரு அடி முன்னால் வைத்தார். உதடு அசைந்தது. யாராவது நம்மைக் கூப்பிட்டால் நாம் பதில் குரல் கொடுப்போமே, அப்படி.

கூட்டம் கைதட்டி முடிக்குமுன் அவர் பால் லாரியில் ஏறிவிட்டார். ஒரு முழங்கால் மடங்கவில்லை. ஏதோ துணி சுற்றியிருந்தது.

உன் திருமணத்தில் ஒரே ஒருநாள் பார்த்த மனிதர். அன்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. உன் கடிதத்தைப் படித்தபிறகு தெரிந்தது.

சைக்கால்

*

சாரி-புலாக்
அக்டோபர் 9, 1984

மகள் கனிஷாய்க்கு,

சலாம். நீயும் மகனும் பேத்தியும் சுகமா? உன்னிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. வேலை அதிகமாக இருக்கும்.

ஆடுகள் மேய்ச்சலிலிருந்து இறங்கிவிட்டன. கணவாயில் முதல் பனி விழுந்துவிட்டது. ஷாம்பெத் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறான். கடைக்குப் போனால், "பெய்ஷென், இன்னைக்கு என்ன கெழமை?" என்று கேட்கிறார்கள். தினமும் ஒரு தப்பான கிழமையைச் சொல்கிறேன். அவர்களுக்கும் பனிக்காலம் போக வேண்டுமே.

உன் தொண்டை எப்படி இருக்கிறது? மூன்றாவது முறை குரல் உடைந்துவிட்டது. ஆற்றுக் காற்றில் அப்படிக் கத்தினால் உடையும். செம்மறி வால் கொழுப்பு கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். சூடான பாலில் கரைத்துப் படுக்கும்போது குடி.

உன் மாமியார் நாற்பது வருஷம் என்னோடு வாழ்ந்தாள். ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டும் என்று நானும் நினைத்ததில்லை. சிறுவனாக இருந்தபோது ஓடையைத் தாண்டி விளையாடப் போய்விடுவேன், சாயங்காலம் அம்மா கரையில் நின்று கூப்பிடுவாள். அதற்குப் பிறகு, இத்தனை வருஷம் கழித்து, அன்றுதான்.

இனிமேல் கடிதத்தில் வியாழனை வியாழன் என்றே எழுதிவிடு, மகளே. குழப்பம் வராது.

பெய்ஷென்

*

தாஷ்-கெச்சூ
அக்டோபர் 18, 1984

மதிப்பிற்குரிய அத்தாவுக்கு,

மருமகளின் சலாம். உடம்பும் முழங்காலும் நலமா? ஆடுகளுக்குக் கொட்டகை சரி செய்தாயிற்றா? உங்கள் பேத்தி நடக்கிறாள். நாலு அடி வைத்துவிட்டு நாமெல்லாம் பார்த்தோமா என்று திரும்பிப் பார்க்கிறாள்.

கொழுப்பு வந்தது. குடிக்கிறேன். தொண்டை ஆறிவிட்டது.

தேதிக்குப் பக்கத்தில் கிழமையைக் காணோமே என்று பார்ப்பீர்கள். நீங்கள் சொன்னபடி எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் எழுத்துக்கு மேல் பேனா போகவில்லை, அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். அத்தனை பேர் முன்னால் கூப்பிட்டவளுக்கு ஒரு காகிதத்தில் எழுத வரவில்லை. உறைமேல் ரோசாதான் எழுதப் போகிறாள்.

சதுக்கத்தில், "சின்னங்கிறது என் கண்ணுல படல" என்று சொன்னீர்கள். அது உங்கள் கண்ணில் எப்படிப் படும்? நான் எழுதவில்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான். பெரியவர் ஷாம்பெத் அக்ஸகாலிடம் இதைச் சொல்லுங்கள். அல்லது அவர் வரும்போது நானே சொல்கிறேன்.

நடுவர்கள் எங்கள் நாடகத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் கீழ்ப் பள்ளத்தாக்கில் மறுபடி நடக்கிறது. கணவாய் மூடினாலும் ஆற்றுப் பாதை திறந்திருக்கும். உங்கள் மகனே லாரியில் வந்து அழைத்துவருவார். முன் வரிசையில் நான்கு இடம் சொல்லிவிட்டேன். வண்டி ஓரமாக நிற்க வேண்டாம். கல்பாக்கைக் கழற்ற வேண்டாம்.

நவம்பர் பதினைந்து. சின்ன வெள்ளி.

வெள்ளி அல்ல, அத்தா. அதற்கு முந்தின நாள்.

உங்கள் மகள்
கனிஷாய்